பிரம்மஞானம்: ஒரு பெயரின் வரலாறு

நேயர்களுக்கு வணக்கம்.

கண்டியில் உள்ள தர்மராஜ கல்லூரியை 1887ஆம் ஆண்டில் நிறுவியது பௌத்த பிரம்மஞான சங்கம் என்று தோட்டப் பாடசாலையில் படித்தபோது, பௌத்தத்துக்குள் பிரம்மம் எப்படி நுழைந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. ஆசிரியரைக் கேட்டேன், அவர் பாடப் புத்தகத்தைப் புரட்டினாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

குழப்பம் மொழிபெயர்ப்பில் இருந்தது. மூலச்சொல்லான ‘தியோசோபியா’ கிரேக்கச் சொல். தியோஸ் என்றால் கடவுள், சோபியா என்றால் ஞானம். இறைஞானம் என்றிருந்தால் போதும், வேதாந்தச் சாயல் ஏறியிராது.

அந்தச் சொல், அதைப் பெயராகக் கொண்ட பிரம்மஞான சபைக்கு வெகுகாலம் முந்தியது. ஐரோப்பாவில் அது, நூல் கற்றும் வாதம் செய்தும் அடையும் இறையியலைக் குறிக்காமல், உள்ளத்தில் நேரே கண்டறியும் அறிவையே குறித்தது. ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரில் செருப்புத் தைத்துப் பிழைத்த யாக்கோப் பேமே (1575–1624) இவ்வழியில் தலையானவர். 1600ஆம் ஆண்டில் ஒருநாள், வெள்ளீயப் பாத்திரத்தில் பட்டுத் தெறித்த வெயிலைப் பார்த்தபோது அவருக்குப் பொருள்களின் உட்கிடை புலப்பட்டது என்று அவருடைய வரலாறு சொல்கிறது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்த பித்தளைச் செம்பில் காலை வெயில் பட்டு, கரி படிந்த தகரக் கூரையின் அடியில் ஒரு வட்டம் நடுங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கணம் அந்நியமல்ல. அவர் பின்னர் எழுதியதுதான் கடினம்: இருள் இல்லாமல் ஒளி தெரியாதது போல, கடவுளும் தம்மை அறிய எதிர்நிலை ஒன்று வேண்டியிருந்தது என்றார். 1612இல் எழுதிய முதல் நூல் கைமாறிப் பரவியதும் ஊர்ப் பாதிரியார் வெகுண்டார், எழுதத் தடை வந்தது. செருப்புத் தைப்பவனுக்கு இறைஞானமா என்ற அந்த ஏளனம், நந்தனார் கதை கேட்டவர்களுக்குப் புதிதல்ல.

இன்று நாம் அறிந்த சபை 1875 நவம்பரில் நியூயோர்க்கில் ரஷ்யாவில் பிறந்த பிளவாட்ஸ்கி அம்மையார், அமெரிக்கரான கேணல் ஒல்கொட் முதலியோரால் தொடங்கப்பட்டது. எல்லாச் சமயங்களுக்கும் அடியில் ஒரே தொன்மையான ஞானம் மறைந்திருக்கிறது என்பது பிளவாட்ஸ்கியின் கொள்கை. மறை என்ற ஒரே சொல்லால் வேதத்தையும் ஒளித்துவைப்பதையும் குறிக்கிற தமிழருக்கு இது எளிதில் பிடித்துப்போகும். அதனாலேயே சற்று நிதானம் வேண்டும் என்பேன், ஏனெனில் பேமேயின் கிறித்தவ உள்ளொளியும் பிளவாட்ஸ்கி போதித்த கர்மமும் மறுபிறவியும் ஒரே சரட்டில் கோத்த மணிகள் அல்ல.

1880 மே மாதம் இலங்கையின் காலித் துறைமுகத்தில் வந்திறங்கிய பிளவாட்ஸ்கியும் ஒல்கொட்டும் அங்கே ஒரு விகாரையில் பௌத்தரின் ஐந்து ஒழுக்க நெறிகளான பஞ்சசீலம் ஏற்றனர். 1882இன் இறுதியில் சபையின் தலைமையகம் சென்னை அடையாற்றுக்குப் பெயர்ந்தது. தமிழில் அது பிரம்மஞான சபை என்று வழங்கலாயிற்று. அந்தப் பெயர்தான் கடல் கடந்து வந்து, என் ஆசிரியர் புரட்டிய பாடப் புத்தகத்திலும் ஏறியிருக்க வேண்டும்.