‘நிறுத்துங்கள்’ என்ற சொல்லுக்கும் சட்டம் வேண்டும்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மருத்துவப் பெருமக்களே, அழைப்பிதழில் பெயர் விடுபட்டும் முகம் சுளிக்காமல் வந்திருக்கும் துணைத்தலைவர் அவர்களே, செவிலியச் சகோதரிகளே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அமெரிக்காவின் 2005 நோயாளி பாதுகாப்புச் சட்டம், மருத்துவமனைகள் கைகோக்கப் போட்டிச் சட்டங்கள் போடும் முட்டுக்கட்டை, கட்டண முறை. பின்னிரண்டும் தலைவர் கையிலிருக்கும் மணியைப் பொறுத்தவை.

தனி மரம் தோப்பாகாது. ஆண்டுக்கொருமுறை நடக்கும் தவறு ஒரு மருத்துவமனைக்குத் தற்செயலாகவே படும். நூறு மருத்துவமனைகளின் அறிக்கைகளைச் சேர்த்துப் படித்தால்தான் காரணம் பிடிபடும். ஆனால் எழுதிய காகிதமே நாளை வழக்கில் சாட்சியானால் யார் எழுதுவார்? அதனால்தான், அரசு பட்டியலிட்ட, பிழைகளைத் திரட்டி ஆராயும் நோயாளி பாதுகாப்பு அமைப்புக்கென்றே தயாரித்து அனுப்பும் அறிக்கையைச் சில விலக்குகள் தவிர வழக்கில் கேட்டு வாங்க முடியாது என்றது 2005 சட்டம். மூல மருத்துவப் பதிவேட்டுக்கு இந்தக் கவசம் இல்லை. மாநிலத்துக்குக் கட்டாயமாகத் தரவேண்டிய அறிக்கையையும் இதே உறைக்குள் திணிக்கும் நிர்வாகங்கள், பிறகு நீதிமன்றத்தில் விழிக்கின்றன.

இப்போது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு வாருங்கள். குழாய்வழி ரத்தத் தொற்றைக் குறைக்க 2003-ல் தொடங்கிய கீஸ்டோன் திட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள். மைய ரத்தக்குழாயில் வடிகுழாய் செருக, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் குழு வலியுறுத்தியவை ஐந்தே: கை கழுவுவது; தொப்பி, முகக்கவசம், அங்கி, கையுறையோடு நோயாளியை முழுக்க மூடும் விரிப்பு; குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோல் துடைப்பது; முடிந்தவரை தொடையிடுக்கைத் தவிர்ப்பது; தேவை முடிந்த குழாயை எடுத்துவிடுவது. யாருக்குத் தெரியாது? தெரியும். ஆனால் விரிப்பு ஓர் அலமாரியில், கையுறை இன்னொன்றில் என்றிருந்தால், அவசரத்தில் விரிப்புதான் விடுபடும். எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கினார்கள். சரிபார்ப்புப் பட்டியலும் வந்தது. ஒரு படி தவறினால், உயிர் போகும் அவசரமில்லாத பட்சத்தில், செருகுபவரை அங்கேயே நிறுத்தலாம். செவிலியர் சொன்னாலும் மருத்துவர் நின்றாக வேண்டும். (முன்வரிசை சிரிக்கிறது, அனுபவம் போலும்.) ஆயிரம் குழாய்-நாட்களுக்கு (ஒரு நோயாளிக்குக் குழாய் ஒரு நாள் இருந்தால் ஒரு குழாய்-நாள்) சராசரி 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆனது.

தனி மரம் தோப்பாகாது என்று மறுபடியும் சொல்கிறேன். பிழையை நல்லெண்ணத்தோடு அறிக்கையாக்கிய ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது 2005 சட்டம். நடக்கும்போதே ‘நிறுத்துங்கள்’ என்றவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை. ஊசி ஏறிய பிறகு எழுதினால் பாதுகாப்பு, ஏறுமுன் தடுத்தால் இல்லை! அந்த வரியைச் சேர்க்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உங்கள் தொகுதி உறுப்பினருக்குப் போகிறது. அஞ்சல் குறியீட்டைத் தவறாமல் எழுதுங்கள், அதை வைத்துத்தான் தொகுதி பிரிப்போம்.

மணி அடித்துவிட்டார். போட்டிச் சட்டமும் கட்டணமும் அடுத்த கூட்டத்தில். நன்றி, வணக்கம்.