மிக்ஸி ஜாரும் ஆம்ஸ்டர்டாம் கோர்ட்டும்

வணக்கம் மக்களே. முதல்ல இந்த ஜாரைப் பாருங்க. கிட்டக் காட்டறேன். பிளேடுக்குப் பக்கத்துல முடி மாதிரி ஒரு விரிசல் தெரியுதா? சட்னி அரைச்சா மேடையெல்லாம் தண்ணி. வாங்கி மூணே மாசம்.

நான் இருக்கிறது ஜெர்மனியில, கொலோன். கடை நெதர்லாந்துல. மாத்திக் குடுங்கன்னு கேட்டா, "டச்சு சட்டம், ஆம்ஸ்டர்டாம் கோர்ட், விதிமுறையிலேயே இருக்கு"ன்னு ஒரு வரி பதில். இதைப் பார்த்துட்டுத்தான் நம்மாளுங்க பலபேர் விட்டுடறாங்க. தயவுசெஞ்சு விடாதீங்க!

ஐரோப்பிய ஒன்றியத்துல 1215/2012னு ஒரு விதிமுறை இருக்கு. கடைக்காரர் உங்க நாட்டு ஆட்களுக்குன்னே கடை விரிச்சிருந்தா, உங்க ஊர் கோர்ட்லயே நீங்க கேஸ் போடலாம். அவர் உங்க மேல போடணும்னாலும் உங்க நாட்டுக்குத்தான் வரணும். சட்டமும் அப்படித்தான். டச்சு சட்டம்னு எழுதி வச்சாலும், ஜெர்மன் சட்டம் வாங்குறவங்களுக்குக் கட்டாயமாக் குடுக்கிற பாதுகாப்பைப் பறிக்க முடியாது. இது எந்த நாட்டுச் சட்டம் செல்லும்னு சொல்ற ஒன்றியத்தோட ரோம் 1 விதிமுறை, 6வது பிரிவு.

சரி, நமக்குன்னுதான் கடை விரிச்சாங்கன்னு எப்படிச் சொல்றது? ஆஸ்திரியாக்காரர் ஒருத்தர், ஜெர்மன் கம்பெனியோட சரக்குக் கப்பல்ல தூரக் கிழக்குக்குப் போக புக் பண்ணினார். நெட்ல நீச்சல் குளம், ஜிம், டிவின்னு போட்டிருந்தாங்க. நேர்ல பார்த்தா அப்படி இல்லைன்னு கப்பல்ல ஏறவே மறுத்துட்டார். பணத்துல ஒரு பகுதிதான் திரும்பி வந்துச்சு. மிச்சத்துக்கு ஆஸ்திரியாவுலயே கேஸ் போட்டார். அந்த விவகாரத்துல ஐரோப்பிய நீதிமன்றம் 2010 டிசம்பர் 7ல சொன்னது என்னன்னா, சைட் உங்க நாட்டுல திறக்குதுங்கிறது மட்டும் போதாது. மொழி, கரன்சி, நாட்டுக் கோடோட போன் நம்பர், டொமைன் (சைட் முகவரியோட கடைசி எழுத்துக்கள்) எல்லாத்தையும் பார்க்கணும்.

இப்ப என் கடைக்கு வருவோம். யூரோ ரெண்டு நாட்டுக்கும் பொது, அது கணக்குல வராது. ஆனா ஒரு டச்சுக் கடை ஜெர்மன்ல ஏன் எழுதணும்? சைட் முகவரி ஏன் ஜெர்மனிக்கான .de-ல முடியுது? கீழ பாருங்க, +49னு ஜெர்மனி கோடோட நம்பர். எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து தேதியோட வச்சிருக்கேன். நீங்களும் வாங்குற அன்னிக்கே எடுத்துடுங்க, பின்னாடி பக்கத்தை மாத்திடுவாங்க.

சீனாவுல இருக்கிற கடைன்னா கதை வேற. இங்க தீர்ப்பு வாங்கினாலும் அங்க போய் வசூலிக்கிறது பெரிய பாடு. ஒன்றியத்துக்குள்ளன்னா 5,000 யூரோ வரைக்கும் சிறு வழக்கு முறை இருக்கு, வக்கீல் கட்டாயம் இல்ல. அதுக்கு முன்னாடி ஜெர்மனியில கேல் நகரத்துல இருக்கிற ஐரோப்பிய நுகர்வோர் மையம் இலவசமாவே கடைக்காரர்கிட்ட பேசிப் பார்க்கும். நேத்து ராத்திரி அங்கதான் புகார் அனுப்பினேன்.