3-வுட்டில் பந்து எழவில்லையா? ஷாஃப்டை மாற்றும் முன்

(திரையில்: புல்லில் கிடக்கும் பந்து. அதன் பின்னால் 3-வுட்டின் முகம், மிக அருகில்.)

கால்ஃபில் 3-வுட் என்பது தூரம் அடிக்கும் நீளமான கிளப். பந்தை டீயில், அதாவது தரையில் குத்திய சிறு முளையில், வைத்து அடித்தால் அருமையாகப் போகிறது. அதே 3-வுட்டை ஃபேர்வேயில், அதாவது வெட்டிய புல்வெளியில், கிடக்கும் பந்துக்கு எடுத்தால், பந்து முழங்கால் உயரத்திலேயே விர்ரென்று ஓடி வலது ஓரம் ஒதுங்கிவிடுகிறது. உடன் ஆடுகிறவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்: “ஷாஃப்ட் உங்களுக்கு ஒத்துவரலை சார், மாத்திப் பாருங்க.”

ஷாஃப்ட் என்றால் கிளப்பின் தண்டு. நானும் மாற்றினேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முதலில் சாதாரண விறைப்புள்ள ரெகுலரை எடுத்துவிட்டு, அதைவிட விறைப்பான ஸ்டிஃப். அப்புறம் ஸ்டிஃப்பிலேயே எடை குறைந்த ஒன்று. பந்து மட்டும் அதே முழங்கால் உயரம். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் ஆட்டமும் கோணல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழி போட்ட இடமும் தப்பு.

(திரையில்: 3-வுட், 5-வுட், 7-வுட் பக்கவாட்டில் வரிசையாக.)

இந்த மூன்றின் முகச் சாய்வைப் பாருங்கள். லாஃப்ட் என்பது இதுதான். 3-வுட்டில் ஏறக்குறைய 15 டிகிரி, 5-வுட்டில் 18, 7-வுட்டில் 21. கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும். டீயில் பந்து புல்லை விட்டு மேலே நிற்பதால் முகத்தின் நடுவில் படுகிறது. தரையில் கிடந்தால் கதை வேறு. கால்ஃப் பந்தின் விட்டம் 1.68 அங்குலம், அதன் நடுக்கோடு தரையிலிருந்து ஓர் அங்குலம்கூட இல்லை. கொஞ்சம் மேலே பட்டாலும் முகத்தின் கீழ் ஓரம்தான் பந்தைத் தொடும். அங்கிருந்து 15 டிகிரி சாய்வு பந்தைத் தூக்க வேண்டுமானால் நல்ல வேகம் வேண்டும். அந்த வேகம் இல்லாதவர்களுக்கு 3-வுட்டும் 5-வுட்டும் ஒரே தூரம்தான் போகும். பல சமயம் 5-வுட்தான் முந்தும், ஏனென்றால் அது காற்றில் அதிக நேரம் நிற்கிறது.

எனக்கு இது உறைத்தது, உடன் ஆடியவரின் 5-வுட்டைக் கடன் வாங்கி அடித்த அன்றைக்கு. ஷாஃப்டில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துபோய், என்ன ஃப்ளெக்ஸ் (விறைப்பு) என்றுகூடத் தெரியாத பழைய கிளப். பந்து அழகாக எழுந்து போனது. இரண்டு புது ஷாஃப்டுகள் செய்யாததை மூன்று டிகிரி லாஃப்டும் கொஞ்சம் குறைந்த நீளமும் செய்துவிட்டன.

7-வுட் என்றால் வயதானவர்கள் கிளப் என்று இன்னும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். 2020 மாஸ்டர்ஸ் போட்டியில் டஸ்டின் ஜான்சன் 20 அண்டர் (நிர்ணயித்த அடிகளைவிட இருபது குறைவு) அடித்து வென்றபோது அவர் பையில் ஒரு 7-வுட் இருந்தது. அப்போது தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே மிக நீளமாக அடித்தவர்களில் ஒருவர் அவர். கௌரவத்தைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் ஷாஃப்டுக்கு வேலையே இல்லையா? உண்டு. லாஃப்டும் நீளமும் சரியான பிறகு அதன் முறை வரும்.

(திரையில்: டிரைவரும் 3-வுட்டும் அருகருகே, அளவு நாடாவோடு.)

முதலில் எடை. பையிலேயே மிக நீளமான கிளப்பான டிரைவர் ஏறத்தாழ நாற்பத்தைந்து அங்குலம், 3-வுட் நாற்பத்து மூன்று. தலை எடையோ தலைகீழ்: டிரைவரின் தலை சுமார் 200 கிராம், 3-வுட்டினுடையது 210-ஐ ஒட்டி. நீளம் குறைவு, தலை கனம். அதனால் டிரைவரில் 60 கிராம் ஷாஃப்ட் வைத்திருப்பவர்கள் ஃபேர்வே வுட்டில் 70 கிராம் பக்கம் போவது வழக்கம். காரணம் எளிது: தரையில் கிடக்கும் பந்துக்கு கிளப்பின் அடிப்பாகம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இறங்க வேண்டும். மிக லேசான ஷாஃப்டில் கை அவசரப்படும். எனக்கு எடை கூடியதும் தூரம் கூடவில்லை, ஆனால் பந்துக்கு முன்னால் தரையைக் குத்துவது குறைந்தது. ஃபேர்வே வுட்டில் அதுதான் பெரிய லாபம்.

அடுத்து, விறைப்பைச் சொல்லும் அந்த எழுத்து. ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்), எக்ஸ் (எக்ஸ்ட்ரா ஸ்டிஃப்). இதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் அளவுக்கு விறைப்பாக இருக்கும். கிளப் செய்பவர்கள் கிரிப் பக்கத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவியில் மாட்டி, தலைப் பக்கத்தைத் தட்டிவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை கூடினால் விறைப்பு கூடுதல். இரண்டு ஷாஃப்டை ஒப்பிட வேண்டுமானால் எழுத்தை விட்டுவிட்டு இந்த எண்ணைக் கேளுங்கள்.

டார்க் என்பது அடிக்கும்போது ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும் அளவு. ஹிக்கரி மரத்தில் ஷாஃப்ட் செய்த காலத்தில் இது பெரிய தலைவலி. அமெரிக்க கால்ஃப் சங்கம் 1924-லும், பிரிட்டனில் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ 1929-லும் எஃகு ஷாஃப்டை அனுமதித்த பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. இன்றைய கிராஃபைட்டில் அரை டிகிரி வித்தியாசத்துக்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

வாங்கும்போது இடறுகிற இடங்கள் இரண்டு. ஃபேர்வே வுட் ஷாஃப்டின் முனை பெரும்பாலும் 0.335 அங்குலம், ஹைப்ரிட் என்னும் இன்னொரு வகை கிளப்பின் ஷாஃப்ட் முனை 0.370. மாற்றி வாங்கினால் தலைக்குள் போகாது, அல்லது உள்ளே லொடலொடக்கும். இன்னொன்று, எங்கே வெட்டுகிறார்கள் என்பது. முனைப் பக்கம் அரை அங்குலம் வெட்டினால் விறைப்பு கூடும். கிரிப் பக்கம் அரை அங்குலம் வெட்டினால் நீளம் குறையும், கூடவே ஸ்விங் வெயிட் (வீசும்போது கையில் உணரும் தலைக் கனம்) மூன்று புள்ளி இறங்கி, தலை காணாமல் போனதுபோல் இருக்கும். “கொஞ்சம் வெட்டிக் கொடுங்க” என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு வந்தவன் நான். எந்தப் பக்கம் என்று அவர்களும் கேட்கவில்லை.

(திரையில்: கிளப் முகத்தில் வெள்ளைப் பவுடர், அதில் பந்து பதிந்த வட்டங்கள்.)

இப்போது சோதனை. பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை முகத்தில் லேசாக அடியுங்கள். டீ வேண்டாம், புல்லிலிருந்தே பத்துப் பந்து. தடங்கள் முகமெங்கும் சிதறியிருந்தால் நீளத்தையும் எடையையும் பாருங்கள். ஒரு கைப்பிடி கீழே இறக்கிப் பிடித்து இன்னொரு பத்து அடித்தாலே நீளத்தின் சேதி தெரிந்துவிடும். தடங்கள் நடுவில் ஒன்றாக விழுந்தும் பந்து எழவில்லை என்றால் லாஃப்ட். நடுவில் விழுந்து, உயரமும் நன்றாக இருந்து, திசை மட்டும் ஒரே பக்கம் ஓடினால் அப்போது ஃப்ளெக்ஸை மாற்றிப் பாருங்கள். என் முகத்தில், அதாவது கிளப் முகத்தில், பத்தில் ஏழு தடம் கீழ் ஓரத்தில் இருந்தது.