இரண்டு கை, மூன்று வேலை: வாசித்து, எழுதி, சொல்லிக்கொடுக்கும் பியானோ கலைஞர்கள்

[திரையில்: ரக்மானினோவின் பழைய புகைப்படம்]

வணக்கம். 1917 டிசம்பரில் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான செர்கெய் ரக்மானினோவ் மனைவி, மகள்களோடு ரஷ்யாவை விட்டுக் கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 44. அதன் பிறகு அவர் அந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை. கிளம்பிய நேரத்தில் அவர் எழுதிய படைப்புகளின் வரிசை எண், அதாவது ஓபஸ் எண், 39ஐ எட்டியிருந்தது. அப்புறம் 25 ஆண்டு வாழ்ந்தார். அந்த 25 ஆண்டில் கூடியது ஆறே எண். ஓபஸ் 45-ஓடு பட்டியல் முடிந்துவிடுகிறது.

கற்பனை வற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த ஆறில்தான் 1934-இல் பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய பாகனினி ராப்சடி இருக்கிறது. ஊரை இழந்த துக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அன்றாடப் பிழைப்பு. குடும்பத்தைக் காப்பாற்ற அவர் முழுநேரக் கச்சேரிக் கலைஞர் ஆனார். அதுவரை மேடையில் பெரும்பாலும் தன் படைப்புகளையே வாசித்தவர், இப்போது பிறர் எழுதியவற்றை மனப்பாடம் செய்ய உட்கார வேண்டியிருந்தது.

[திரையில்: காலியான அரங்கு, நடுவில் ஒரு பியானோ]

கச்சேரி என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது அந்த இரண்டு மணி நேரம்தான். அதன் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். தனிக் கச்சேரியில் பெரும்பாலும் தாளைப் பார்க்காமல்தான் வாசிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான சுரங்கள். விரல்கள் பழக்கத்தில் தானாக ஓடும் என்பது உண்மை, ஆனால் பதற்றம் வந்தால் முதலில் கைவிடுவது அந்த விரல் நினைவுதான். அதனால் இந்த இடத்தில் இடது கை எந்தக் கூட்டுச் சுரத்துக்குப் போகிறது, ஏன் போகிறது என்று புத்திக்கும் தெரிந்திருக்க வேண்டும். வயலின்காரர் தன் வயலினைக் கையோடு கொண்டுபோகிறார். பியானோகாரருக்கு அது முடியாது. போகிற ஊரில் என்ன பியானோ இருக்கிறதோ, அதுதான். ஒன்றில் கட்டைகள் கனமாக இருக்கும், ஒன்றில் பெடல் ஆழமாகப் போகும். ஒத்திகைக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கருவியோடும் அரங்கின் எதிரொலியோடும் சமாதானமாக வேண்டும். அடுத்த வாரம் வேறு ஊர், வேறு பியானோ.

சரி, இதற்கு நடுவில் சொந்தமாக இசை எழுதுவது எப்போது?

கச்சேரிக்குத் தேதி இருக்கிறது, டிக்கெட் விற்றாகிவிட்டது. மாணவர் வகுப்பு நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார். எழுதப்படாத இசைக்காக மட்டும் யாரும் காத்திருப்பதில்லை. இன்று எழுதாவிட்டால் கேட்க ஆளில்லை. அதனால் நெருக்கடி வந்தால் முதலில் தள்ளிப்போவது அதுதான். இந்த வாழ்க்கையிலேயே எனக்கு மிக வலிக்கிற இடம் இது.

ஜெர்மன் பியானோ கலைஞர் கிளாரா ஷூமான் தன் பியானோ கன்செர்டோவை, அதாவது பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, 1835-இல் லைப்சிக்கில் முதன்முதலாக வாசித்தபோது அவருக்கு 16 வயது. ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் இசையமைப்பாளர் மெண்டல்சோன். பிறகு திருமணம், எட்டுக் குழந்தைகள், கணவர் ராபர்ட்டின் நோய். 1856-இல் ராபர்ட் இறந்தபின் குடும்பத்தைத் தாங்கியது கிளாராவின் கச்சேரிகள். 1878 முதல் ஃபிராங்ஃபர்ட்டில் ஆசிரியராகவும் இருந்தார். வாசிப்பதும் சொல்லிக்கொடுப்பதும் தொடர்ந்தன. எழுதுவது அந்த 1856-ஓடு கிட்டத்தட்ட நின்றுபோனது. எழுதக் காத்திருந்தது என்னென்னவோ. நமக்குக் கிடைக்கவில்லை.

எழுத்தைக் காப்பாற்றியவர்களைப் பார்த்தால், ஏதாவது ஒன்றைத் துணிந்து விட்டிருக்கிறார்கள். போலந்து இசையமைப்பாளர் ஷோபான் மேடையை விட்டார். வாழ்நாள் முழுவதும் சேர்த்து அவர் கொடுத்த பொதுக் கச்சேரிகள் சுமார் 30 தான். பாரிஸில் அவருக்குச் சோறு போட்டது பெரும்பாலும் மாணவர்களின் கட்டணம். ஐரோப்பா முழுவதும் கூட்டம் அலைமோதிய பியானோ கலைஞர் லிஸ்ட், 1847-இல், வெறும் 35 வயதில், பணத்துக்காக மேடை ஏறுவதை நிறுத்தி ஜெர்மனியின் வைமார் நகருக்குப் போய் எழுத உட்கார்ந்தார். 1853-இல் முடித்த பி மைனர் சொனாட்டா என்ற பெரிய பியானோ படைப்பு அப்படி வந்ததுதான். பிற்காலத்தில் தேடி வந்த மாணவர்களுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார்.

[திரையில்: ஒரு குழந்தையின் விரல்கள், ஐந்து கட்டைகள் மேல்]

ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் வேறு வழி பிடித்தார். புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் 1907 முதல் 1934 வரை பியானோ வகுப்பு எடுத்தார். இசை எழுதக் கற்றுத்தர மட்டும் மறுத்துவிட்டார். ஆனால் கற்பித்தலே அவர் எழுத்துக்குள் வந்தது. மைக்ரோகாஸ்மோஸ் என்று 153 சிறு உருப்படிகள். கையை நகர்த்தாமல் ஐந்து விரலால் வாசிக்கும் பாடத்தில் தொடங்கி, ஆறாவது தொகுதி முடியும்போது கச்சேரி மேடைக்குரிய பல்கேரிய நடனங்களுக்கு வந்துவிடும். பயிற்சிப் பாடம் ஒன்றை வாசிக்கும் குழந்தையின் காதில் விழுவது ஒரு பெரிய இசையமைப்பாளரின் முழு மனது. அது எவ்வளவு பெரிய கொடை!

மேடையில் தோற்றவர்தான் ஆசிரியர் ஆவார் என்று யாராவது சொன்னால் இந்தச் சீடப் பரம்பரையைக் காட்டுங்கள். பீத்தோவனின் மாணவர் செர்னி. செர்னியிடம் படித்தவர்கள் லிஸ்டும் லெஷெடிட்ஸ்கியும். லெஷெடிட்ஸ்கியிடம் படித்தவர் ஆர்தர் ஷ்னாபெல். பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலாக முழுமையாக ஒலிப்பதிவு செய்தவர் அவர். மேடையில் பீத்தோவன், ஷூபர்ட். எழுத உட்கார்ந்தாலோ, சுருதி மையமே இல்லாத புத்தம்புது இசை. இரண்டையும் ஒரே ஆள் செய்தார், கூடவே பாடமும் நடத்தினார்.

அந்த ஷ்னாபெலிடம் ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்தவர் அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷர். 1960களின் நடுவில், புகழின் உச்சியில், அவருடைய வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கத் தொடங்கின. நரம்புக் கோளாறு. அதுவரை மாணவர் தடுமாறினால், அவரை எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிடலாம். இனி அது முடியாது. இந்தச் சுரம் எங்கே சாய்கிறது, இந்த மௌனம் எவ்வளவு நீளம், எல்லாவற்றையும் சொல்லிப் புரியவைத்தாக வேண்டும். அப்படிச் சொற்களைத் தேடித் தேடியே அவர் இன்னும் நல்ல ஆசிரியர் ஆனார். இடது கைக்கென்றே எழுதப்பட்ட படைப்புகளை மேடையில் வாசித்தார், ஆர்கெஸ்ட்ரா நடத்தினார். 1990களின் நடுவில் இரண்டு கைகளோடும் பியானோவுக்குத் திரும்பினார். அதற்குள் 30 ஆண்டு ஓடியிருந்தது. அந்த 30 ஆண்டிலும் அவருடைய வகுப்பறைக் கதவு திறந்தேதான் இருந்தது.