மனிதன் குறைப்பிறவி அல்லன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'சமூகவியலுக்குச் சரியான அடித்தளம் தந்தவர் ஆர்னால்ட் கேலனா, ஹெல்முட் பிளெஸ்னரா?' என்பது இன்றைய தலைப்பு. இருவருமே இருபதாம் நூற்றாண்டின் ஜெர்மன் சிந்தனையாளர்கள். நான் பிளெஸ்னர் பக்கம் பேச வந்திருக்கிறேன். சீட்டுக் குலுக்கி வந்த பக்கம் அல்ல, நானே கேட்டு வாங்கிய பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் தன் வாதத்தை அழுத்தமாகவே வைத்தார். விலங்குக்கு உள்ளுணர்வு வழிகாட்டுகிறது, மனிதனுக்கு அது தேய்ந்துவிட்டது. கூரிய நகம் இல்லை, கிழிக்கும் பல் இல்லை, குளிர் தாங்கும் ரோமம் இல்லை. ஆகவே அவன் ஒரு குறைப்பிறவி. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் குடும்பம், சடங்கு, சட்டம், அரசு என்ற நிறுவனங்களைக் கட்டிக்கொண்டான். ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்கும் சுமையை அவை இறக்கிவைக்கின்றன. 1940இல் வந்த 'மனிதன்' என்ற நூலில் கேலன் சொன்ன இதுதான் சமூகவியலின் அஸ்திவாரம் என்று முடித்தார். போகிற போக்கில், "பிளெஸ்னருக்கு வாரிசு யார்?" என்றும் கேட்டார். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு பின்னணி. ஜெர்மனியில் 1928ஆம் ஆண்டு ஒரே கேள்வியோடு இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று மக்ஸ் ஷேலர் எழுதிய சிறு நூல், பிரபஞ்சத்தில் மனிதனின் இடம் என்ன என்பதைப் பற்றியது. இன்னொன்று பிளெஸ்னர் எழுதிய பெரும் நூல், 'உயிர்ப்பொருளின் படிநிலைகளும் மனிதனும்'. இருவருமே கொலோன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர்கள். உயிரியல் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு விலங்கும் தன் புலன்களுக்கு எட்டும் தனி உலகத்துக்குள் வாழ்கிறது என்று உயிரியலாளர் உக்ஸ்குல் காட்டியிருந்தார். குரங்குகள் யோசித்துக் காரியம் செய்வதை டெனரீஃப் தீவில் உளவியலாளர் கோலர் சோதித்துப் பார்த்திருந்தார். அப்படியானால் மனிதனுக்கு என்னதான் தனி? தத்துவ மானிடவியல் என்று நாம் சொல்லும் சிந்தனை மரபு இந்தக் கேள்வியில்தான் பிறந்தது. ஷேலர் அதே ஆண்டு இறந்துபோனார். கேலன் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தார்.

கேலனிடம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சுமை இறக்கம் என்ற கருத்து உண்மையிலேயே பெரியது. பழக்கம் ஆகிவிட்ட காரியத்துக்குக் கவனம் தேவையில்லை, அந்தக் கவனம் வேறு பெரிய காரியத்துக்குப் போகிறது. இதை மறுக்க முடியாது. சமூகவியலாளர் ஷெல்ஸ்கி அவரிடமிருந்துதான் வந்தார். உலகத்தின் சிக்கலைச் சமூக அமைப்புகள் குறைத்துத் தருகின்றன என்று இன்னொரு சமூகவியலாளர் லூமன் பேசிய கருத்திலும் கேலனின் சாயல் இருக்கிறது. அதையெல்லாம் எதிரணிக்கே விட்டுவிடுகிறேன்.

ஆனால் அஸ்திவாரம் என்றீர்களே, அந்த அஸ்திவாரத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம். மனிதன் முதலில் குறையோடு பிறந்தான், பிறகு அந்தக் குறையை அடைக்க நிறுவனத்தைக் கட்டினான் என்கிறீர்கள். நான் கேட்கிறேன், கட்டி முடிக்கும் வரை அவன் எப்படி உயிரோடு இருந்தான்? மற்ற பாலூட்டிகளோடு ஒப்பிட்டால் மனிதக் குழந்தை ஏறக்குறைய ஓராண்டு முன்னதாகவே பிறந்துவிடுகிறது என்றார் சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் அடால்ஃப் போர்ட்மன். கேலனே அவரைத் துணைக்கு அழைக்கிறார். அந்த ஓராண்டு அந்தக் குழந்தை யார் மடியில் வளர்ந்தது? ஏற்கெனவே அங்கே ஒரு கூட்டம் இருந்திருக்கிறது. தூக்கிச் சுமக்க, ஊட்ட, காவல் காக்க ஆட்கள் இருந்ததால்தான் அப்படிப்பட்ட குழந்தை பிழைத்தது. கூடி வாழ்ந்ததன் பாதுகாப்பில்தான் மனித உடல் இப்படி மென்மையாக மாற முடிந்தது என்று பின்னாளில் டீட்டர் கிளேஸன்ஸ் என்ற சமூகவியலாளர் விரிவாகவே வாதாடினார். குறைக்கு மருந்தாக வந்தது சமூகம் என்பது வரிசையைத் தலைகீழாக வைப்பது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த நிலத்திலும் வாழ்ந்து, எதையும் தின்று, நெடுந்தூரம் ஓடி, கல்லைக் குறிபார்த்து எறியத் தெரிந்த உடலைக் குறை உடல் என்று எந்த அளவுகோலால் அளந்தீர்கள்? புலியை அளக்கும் கோலால் அல்லவா?

பிளெஸ்னர் குறையிலிருந்து தொடங்கவே இல்லை. அவர் எல்லையிலிருந்து தொடங்குகிறார். ஒரு கல் ஓரிடத்தில் முடிகிறது, அவ்வளவுதான். உயிருள்ள எதற்கும் அதன் எல்லை அதன் சொந்த வேலை. எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்பதை அதுவே நடத்துகிறது. செடி தன் சூழலுக்குத் திறந்தே கிடக்கிறது. விலங்குக்கு ஒரு மையம் இருக்கிறது, அந்த மையத்திலிருந்து உலகத்தை எதிர்கொள்கிறது. மனிதனுக்கும் அந்த மையம் உண்டு. ஆனால் அவனால் அந்த மையத்தை விட்டு விலகி நின்று, தன்னையே பார்க்கவும் முடியும். நம் தொல்காப்பியமும் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. அங்கே படிக்குப் படி ஓர் அறிவு கூடிக்கொண்டே போகும். பிளெஸ்னரிடம் எதுவும் கூடுவதில்லை, தன் உடலோடும் எல்லையோடும் ஓர் உயிருக்கு இருக்கும் உறவு மாறுகிறது. மனிதன் விலங்குதான். அதோடு, தான் விலங்கு என்பதை அறிந்த விலங்கு.

இது ஏதோ மேகத்தில் மிதக்கும் தத்துவம் என்று நினைக்க வேண்டாம். இப்போது நான் உங்கள் முன் நிற்கிறேன். தொண்டை வறள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இந்த உடல்தான் நான். அதே நேரம், இந்த உடலை எப்படி நிறுத்தினால் கடைசி வரிசைக்குக் குரல் போகும் என்று யோசித்து அதைக் கையாள்கிறேன். அப்போது உடல் என் கையில் இருக்கும் ஒன்று. உங்கள் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது. ஒரே நேரத்தில் உடலாக இருப்பதும் உடலை வைத்திருப்பதும் மனிதனின் நிலை. இந்த இரண்டுக்கும் நடுவே சமநிலை குலையும் தருணத்தைத்தான் 1941இல் சிரிப்பையும் அழுகையையும் பற்றி எழுதிய நூலில் அவர் ஆராய்ந்தார். சாவு வீட்டில் அடக்க முடியாமல் சிரிப்பு வந்து திண்டாடியவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். அங்கே என்ன நடக்கிறது? நிலைமைக்குப் பொருத்தமான பதில் ஒருவரிடம் இல்லாமல் போகிறது, அவருக்குப் பதிலாக உடல் பதில் சொல்லிவிடுகிறது.

சரி, இதில் சமூகவியலுக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் நடுவர் அவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும்.

1958இல் ரால்ஃப் டாரன்டார்ஃப் என்ற இளம் சமூகவியலாளர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். சமூகம் நம் மீது பாத்திரங்களைச் சுமத்துகிறது. ஆசிரியர், தந்தை, கட்சிக்காரர் என்று ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்ப்பு உண்டு, மீறினால் தண்டனை உண்டு. அப்படியானால் சுதந்திரமான மனிதன் எங்கே போனான் என்று கேட்டார். நியாயமான தவிப்பு. 1960இல் பிளெஸ்னர் அதற்குப் பதில் எழுதினார். உள்ளே ஓர் உண்மையான நான், வெளியே ஒரு பொய் வேடம் என்று பிரிப்பதே பிழை என்றார். அகத்தில் மட்டுமே உண்மையைத் தேடும் பழைய ஜெர்மன் பழக்கம் அது என்றும் காட்டினார். மனிதன் எப்போதுமே தனக்கொரு இரட்டை. பாத்திரம் அவனை அவனிடமிருந்து பறிப்பதில்லை. பாத்திரம் ஏற்பதால்தான் அவன் யாரோ ஒருவனாக ஆகிறான், எந்தப் பாத்திரத்திலும் முழுதாகத் தீர்ந்துபோகாததால்தான் அதை மறுக்கவும் மாற்றவும் அவனால் முடிகிறது.

எதிரணி நண்பர்களே, இந்த இடத்துக்குக் கேலனால் வர முடியுமா? அவர் கோட்பாட்டில் நிறுவனம் ஓர் ஊன்றுகோல். ஊன்றுகோலைத் தொட்டுப் பார்க்க வருபவன் எல்லாம் நம்மைக் கீழே தள்ள வருபவனாகத்தான் தெரிவான். ஆகவே அவரிடம் ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது: நிறுவனம் உறுதியாக இருக்கிறதா, ஆட்டம் காண்கிறதா? அது நியாயமானதா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

1965இல் கேலனும் தத்துவவாதி அடோர்னோவும் ஜெர்மன் வானொலியில் நேருக்கு நேர் பேசினார்கள். எல்லா மனிதர் மீதும் சிந்தனையின் முழுப் பாரத்தையும் ஏற்ற வேண்டும் என்று நீங்கள் உண்மையிலேயே நம்புகிறீர்களா என்று கேலன் கேட்டார். ஆம் என்றார் அடோர்னோ. தயங்கவே இல்லை. பொறுப்பையும் தன்னைத் தானே தீர்மானிக்கும் உரிமையையும் மக்களிடமிருந்து விலக்கி வைத்துக் கிடைக்கும் நிம்மதி வெறும் தோற்றம், அது ஒருநாள் உடையும், உடையும்போது விளைவு பயங்கரமாக இருக்கும் என்றார். மற்ற பல விஷயங்களில் அடோர்னோவோடு எனக்கு உடன்பாடு இல்லை. தத்துவ மானிடவியலையே அவர் நம்பவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் அந்த 'ஆம்' சரியான பதில்.

அந்தப் பயங்கரம் என்ன என்று அந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேலன் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், 1934இல் லைப்சிக்கில் பேராசிரியர் ஆனார். கட்சியில் இருந்ததால் அவர் கோட்பாடு பொய் என்று நான் வாதிடவில்லை, அது மலிவான வாதம். நான் காட்டுவது நூலுக்குள்ளேயே இருக்கிறது. 1940ஆம் ஆண்டுப் பதிப்பின் முடிவில், மனிதனை வழிநடத்தும் உச்ச அமைப்புகள் என்று ஒரு பகுதி இருந்தது. 1950ஆம் ஆண்டுப் பதிப்பில் அது மறைந்துபோனது, அந்த இடத்துக்கு நிறுவனங்கள் வந்தன. பெயர் மாறியது, கட்டடம் அப்படியே நின்றது. மனிதன் குறையுள்ளவன், அவனை ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், பிடிப்பது யார் கை என்பது இரண்டாம் கேள்வியாகிவிடுகிறது.

பிளெஸ்னர் 1924லேயே 'கூட்டு வாழ்வின் எல்லைகள்' என்று ஒரு நூல் எழுதியிருந்தார். அன்று ஜெர்மனியில் வலதுசாரி இளைஞர்களும் இடதுசாரி இளைஞர்களும் ஒரே கனவைத்தான் வெவ்வேறு நிறத்தில் கண்டார்கள். இரத்தத்தாலோ கொள்கையாலோ எல்லோரும் ஒன்றாகக் கலந்துவிட்ட, திரையே இல்லாத ஒரு கூட்டு வாழ்வு. பிளெஸ்னர் அதற்கு எதிராக நின்றார். இங்கிதத்துக்காகவும் மரியாதையான இடைவெளிக்காகவும் பொதுவெளிக்காகவும் வாதாடினார். முகமூடி வேண்டும் என்றார். எல்லோர் முன்னும் உள்ளத்தை முழுதாகத் திறந்துகாட்டியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் கூட்டத்தில் தனிமனிதன் நசுங்கிப்போவான் என்று அவர் கண்டார். இதை நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

1933இல், தந்தை யூத வம்சாவளி என்பதால், கொலோனில் அவர் வேலை பறிபோனது. இஸ்தான்புல்லில் சிறிது காலம், அப்புறம் நெதர்லாந்தின் குரோனிங்கன். அங்கே 1939இல் சமூகவியல் பேராசிரியர் ஆனார். 1943இல் நாஜி ஆக்கிரமிப்பு ஆட்சி அங்கிருந்தும் அவரை விலக்கியது. போர் முடியும் வரை தலைமறைவாக வாழ்ந்தார். 1950களின் தொடக்கத்தில்தான் ஜெர்மனிக்கு, கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தார், அதுவும் சமூகவியல் பேராசிரியராக. 1955 முதல் 1959 வரை ஜெர்மன் சமூகவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

எதிரணித் தலைவரே, வாரிசு எங்கே என்று கேட்டீர்கள். ஒரு சிந்தனையாளரை இத்தனை ஆண்டுகள் வகுப்பறையிலிருந்தும் சொந்த மொழியிலிருந்தும் துரத்திவிட்டு, மாணவர் பட்டியலைக் கேட்பது நியாயமா? ஆனாலும் சொல்கிறேன். கோட்டிங்கனில் அவருக்குப் பின் அதே இருக்கைக்கு வந்த ஹான்ஸ் பால் பார்ட், பெருநகர வாழ்வைப் பொதுவெளிக்கும் அந்தரங்கத்துக்கும் இடையிலான இழுவிசையாக விளக்கினார். முகம் தெரியாதவர்களோடு மரியாதையாக வாழ்வதுதான் நகரம் என்ற பார்வை அது. 1924ஆம் ஆண்டு நூலின் மூச்சு அதில் கேட்கிறது.

அப்புறம், உலகம் முழுக்கச் சமூகவியல் மாணவர்கள் படிக்கும் நூலுக்கு வருவோம். பீட்டர் பெர்கரும் தாமஸ் லக்மனும் 1966இல் எழுதிய 'யதார்த்தத்தின் சமூகக் கட்டமைப்பு'. அதில் நிறுவனம் பற்றிய பகுதி கேலனுக்குக் கடன்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாதம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். மனிதன் உடலாக இருக்கிறான், உடலை வைத்தும் இருக்கிறான், அந்த இரண்டுக்கும் இடையில் அவன் எப்போதும் சமன்செய்துகொண்டே இருக்க வேண்டும் என்ற இடத்தில். அது பிளெஸ்னர். நிறுவனங்களை மனிதர்தான் கட்டினார்கள், ஆனால் கட்டியதையே மறந்துபோய் அவற்றை இயற்கைபோல் வணங்குகிறார்கள் என்று அந்த நூல் எச்சரிக்கிறதே, அந்த எச்சரிக்கையைக் கேலனிடமிருந்து பெற முடியாது. அந்த மறதிதான் கேலனுக்கு நிறுவனத்தின் பலம். 1969இல் அந்த நூல் ஜெர்மனில் வந்தபோது அறிமுகவுரை எழுதியவர் பிளெஸ்னர். மொழிபெயர்த்தவர் அவர் மனைவி மோனிக்கா பிளெஸ்னர்.

கடைசியாக ஒருவர். கேஸா லிண்டமன் என்ற இன்றைய ஜெர்மன் சமூகவியலாளர் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குள் சென்று ஆய்வு செய்தார். மூளைச்சாவு அடைந்தவர் என்று ஒருவரை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? படுக்கையில் கிடக்கும் உடலை எந்தக் கணம் வரை மருத்துவரும் செவிலியரும் இன்னொரு நபராக நடத்துகிறார்கள்? 2002இல் வந்த அந்த ஆய்வுக்கு அவர் கையில் எடுத்த கருவி, எல்லையைப் பற்றிய பிளெஸ்னரின் கோட்பாடு. யார் மனிதர், யார் நம்மோடு சேர்ந்தவர் என்ற எல்லைக்கோட்டைச் சமூகங்களே போடுகின்றன என்பதை அதன் வழியே அவரால் பார்க்க முடிந்தது. கேலனின் குறைப்பிறவியை அந்தப் படுக்கையருகே கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். பேச்சில்லை, அசைவில்லை, குறை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த உடலுக்கு முன்னால் நிற்பவர்களுக்கு இடையே என்ன நடக்கிறது என்று கேட்க அந்தக் கோட்பாட்டிடம் சொல் இல்லை.

சமூகவியலாளர் கேட்டே ஆக வேண்டிய அந்தக் கேள்வியைக் கேட்கும் சொல்லைக் கொடுத்தவர் பிளெஸ்னர். அவர் பக்கம் தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.