புகலிடமாக இருந்த வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

1935ஆம் ஆண்டு ஓர் எழுத்தாளர், பெர்லினில் தாம் வாழ்ந்த வீட்டில் அப்போது குடியிருந்தவருக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். குடியிருப்பவரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அந்த எழுத்தாளர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தபோது ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். வீடு சூறையாடப்பட்டது, குடியுரிமை பறிக்கப்பட்டது. என் நூலகம் இருந்த அந்த இரண்டு அறைகளையும் இப்போது எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று அக்கடிதத்தில் கேட்டார். உங்கள் நாட்டில் இப்போது புத்தகங்களை விரும்புவதில்லையாமே என்றும் கேட்டார்.

அந்த எழுத்தாளர் லியோன் ஃபாய்ஷ்ட்வாங்கர். 1884இல் மியூனிக் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வரலாற்று நாவல்களால் உலகெங்கும் பெயர் பெற்றவர். நான் இன்று பேச வந்திருப்பது, பிற்காலத்தில் அவர் குடியேறிய வேறொரு வீட்டைப் பற்றி. பசிபிக் பெருங்கடலைப் பார்த்தபடி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பசிபிக் பாலிசேட்ஸ் குன்றுச்சரிவில் நிற்கும் அந்த வீட்டின் பெயர் வில்லா அவுரோரா. இப்போது அது கலைஞர்கள் சில மாதங்கள் தங்கி, பிழைப்புக் கவலை இல்லாமல் தங்கள் வேலையைச் செய்யும் உறைவிடம்.

உலகத்தில் கடலோர உறைவிடங்கள் பல உண்டு. அழகான காட்சி, அமைதி, நல்ல சாப்பாடு எல்லாம் தருகிறார்கள். அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்த வீட்டுக்குள்ள தகுதி வேறு. உயிருக்கு அஞ்சி ஓடிவந்த ஒருவர் எழுதுவதற்காகத் தேடிப்பிடித்த இடம் இது.

ஜெர்மனிக்குத் திரும்ப முடியாத ஃபாய்ஷ்ட்வாங்கரும் மனைவி மார்த்தாவும் முதலில் தென்பிரான்சின் சனாரி என்ற கடற்கரை ஊரில் தங்கினார்கள். அங்கே இரண்டாவது நூலகம் வளர்ந்தது. 1940இல் பிரான்சு வீழ்ந்த சமயத்தில், ஜெர்மானியர் என்ற காரணத்துக்காகப் பிரெஞ்சு அரசே அவரை முகாமில் அடைத்தது. லெ மில் என்ற இடத்தில் இருந்த பழைய ஓட்டுத் தொழிற்சாலை அது; செங்கல் தூசிக்கு நடுவில்தான் படுக்கை. பிறகு வேறொரு முகாமிலிருந்து, பெண் உடை அணிவிக்கப்பட்டு, அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரி ஒருவரின் காரில் தப்பினார். பைரனீஸ் மலையை நடந்தே கடந்து, ஸ்பெயின், போர்த்துகல் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். இரண்டாவது நூலகமும் பின்னால் நின்றுவிட்டது.

1943இல் இந்த வீட்டை 9,000 டாலருக்கு வாங்கினார்கள். ஒரு மாளிகைக்கு அது அன்றைக்கே மலிவான விலை. 1920களின் இறுதியில், ஒரு நாளிதழின் ஆதரவில், நவீன வசதிகளைப் பொதுமக்களுக்குக் காட்டும் மாதிரி வீடாகக் கட்டப்பட்டது அது. வரவேற்பறையில் ஆர்கன் என்னும் பெரிய குழலிசைக்கருவி ஒன்றுகூடப் பொருத்தியிருந்தார்கள். போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும், ஊருக்கு வெளியே செங்குத்தான பாதையில் ஏற வேண்டிய வீட்டைச் சீந்துவார் இல்லை. மார்த்தா உடைந்த ஜன்னல்களைச் சரிசெய்து, பழைய மரச்சாமான்களை வாங்கிப் போட்டு, தோட்டமும் வைத்தார். லியோன் பழம்புத்தகக் கடைகளை நாடினார். மூன்றாவது நூலகம் ஏறத்தாழ 30,000 நூல்களாக வளர்ந்தது. இரண்டு முறை எல்லாவற்றையும் இழந்தவர் மறுபடியும் முதல் புத்தகத்திலிருந்து தொடங்கினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நம் நாடகக்காரர்கள் நன்கறிந்த ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் அங்கே அடிக்கடி வந்துபோனார். அவரைப் போலவே ஜெர்மனியை விட்டு வந்த நாவலாசிரியர் தாமஸ் மான் அதே பகுதியில்தான் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார். நண்பர்கள் கூடும் மாலைகளில் ஒருவர் தாம் புதிதாக எழுதியதை வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். தாய்மொழி வாசகர்களை ஒட்டுமொத்தமாக இழந்தவர்களுக்கு அந்த அறையில் உட்கார்ந்திருந்த சில பேர்தான் வாசகர் உலகம்.

அடைக்கலம் தந்த நாடும் அவரை முழுதாக நம்பவில்லை. இடதுசாரிச் சார்பு காரணமாகத் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்ற அச்சத்தால் அவர் ஐரோப்பாவுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. 1958இல், அமெரிக்கக் குடியுரிமை கிடைக்காமலேயே இறந்தார்.

மார்த்தா 1987 வரை வாழ்ந்தார். வீட்டையும் நூலகத்தையும் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அவருக்குப் பின் வீட்டைப் பராமரிக்கும் செலவு பெரிதாகி, அது விற்கப்பட்டுவிடும் நிலை வந்தது. பெர்லினில் ஆர்வலர்கள் சங்கம் அமைத்து, நிதி திரட்டி, அதை வாங்கிப் புதுப்பித்தார்கள். 1995இல் உறைவிடமாகத் திறந்தார்கள். அரிய நூல்கள் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மற்றவற்றில் பெரும்பகுதி வீட்டின் அலமாரிகளிலேயே இருந்தது. எழுத்து, இசை, திரைப்படம், ஓவியம் என்று பல துறையினர் பொதுவாக மூன்று மாதங்கள் தங்குகிறார்கள். தாமஸ் மான் வீட்டையும் ஜெர்மன் அரசு 2016இல் வாங்கியது. 2018 முதல் அது ஆய்வாளர்களும் சிந்தனையாளர்களும் தங்கும் இடமாகியிருக்கிறது.

2025 ஜனவரியில் பாலிசேட்ஸ் காட்டுத்தீ அந்தக் குன்றுகளை விழுங்கியது. சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான கட்டடங்கள் சாம்பலாயின. இந்த இரண்டு வீடுகளும் தப்பின. அந்தச் செய்தியைப் படித்தபோது, முன்பின் பார்த்திராத அந்தப் புத்தகங்களை நினைத்துத்தான் முதலில் பெருமூச்சு விட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொந்த நாட்டில் எழுத முடியாமல் துரத்தப்படும் எழுத்தாளர், பத்திரிகையாளர் ஒருவருக்காக ஃபாய்ஷ்ட்வாங்கர் பெயரிலேயே வில்லா அவுரோராவில் தனி உதவித்தொகை வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு மூன்று மாதம் என்றால் இவருக்கு அதைவிட நீண்ட காலம் தருகிறார்கள். அது சலுகை இல்லை, நியாயம். மற்றவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது. இவருக்கு முதலில் தூக்கம் வர வேண்டும், பயம் தெளிய வேண்டும், பிறகுதான் எழுத்து. நாடு நாடாகப் பண்பாட்டு நிதியை வெட்டிக்கொண்டிருக்கும் காலம் இது. அந்த வீட்டில் எந்தச் செலவைக் குறைத்தாலும், அந்த ஓர் அறையின் செலவில் மட்டும் கைவைக்கக் கூடாது என்பேன். இன்று பல மொழிகளில், பல நாடுகளில், அந்த அறைக்கு உரியவர்கள் காத்திருக்கிறார்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.