விடை தெரிந்த வானம்

நேயர்களுக்கு வணக்கம்.

என்ஜின் இல்லாத விமானத்தில் பறப்பவர் மனத்தில் ஓயாமல் ஓடும் கேள்வி ஒன்று உண்டு. கையிலிருக்கும் உயரத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்? கிளைடர் எனும் அந்த விமானத்தைக் கணினியில் பறக்கவிடும் சிமுலேட்டரில் பறப்பவருக்கும் அதே கேள்விதான். கண்டோர் போன்ற சிமுலேட்டரில், விமானி அறையிலேயே வழிகாட்டும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. பிறகு எதற்காக எக்ஸ்சிசோர், எல்கே8000, சீயூ போன்ற, பறக்கும்போது வழிகாட்டும் வெளி மென்பொருளைக் கொண்டுவந்து இணைக்க வேண்டும்? திரை பெரிது, வரைபடம் தெளிவு என்று பலர் சொல்வார்கள். சரிதான். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. நிஜ கிளைடர்களில் விமானிகள் வைத்துக்கொள்வதும் இதே மென்பொருள்தான். அது சொல்வதை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று சோதித்துப் பார்க்க சிமுலேட்டரைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் இணைப்பைச் சொல்லிவிடுகிறேன். சிமுலேட்டர் தான் இருக்கும் நிலையை என்எம்இஏ 0183 என்ற முறையில் வெளியே சொல்கிறது. கப்பல் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வகுக்கப்பட்ட முறை அது. ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம். டாலர் குறியோடு தொடங்கும். அடுத்து ஜிபிஆர்எம்சி என்ற எழுத்துகள். பிறகு ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு தகவலாக நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, நாட் கணக்கில் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்று) தரைவேகம், போகும் திசை, தேதி. கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி, அதன்பின் இரண்டு இலக்கத்தில் ஒரு சரிபார்ப்பு எண். வரி வழியில் சிதைந்திருந்தால் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். உயரத்தைச் சொல்வது ஜிபிஜிஜிஏ என்ற இன்னொரு வரி. கண்டோர் இவற்றோடு எல்எக்ஸ்டபிள்யூபி0 என்ற வரியையும் அனுப்புகிறது. விமானத்தின் காற்றுவேகம், காற்றழுத்தத்தால் கணித்த உயரம், ஏறும் அல்லது இறங்கும் வேகம், வீசும் காற்றின் திசையும் வேகமும் அதில் உண்டு.

இந்த வரிகள் நிஜ வானத்திலிருந்து வருகின்றனவா, மேசைக் கணினியிலிருந்து வருகின்றனவா என்று மென்பொருளுக்குத் தெரியாது. நமக்குச் சாதகம் அதுதான்.

ஒரே கணினியில் இரண்டையும் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் தரவு போய்வரும் வாசலான சீரியல் போர்ட்டில்தான் தடுமாறுகிறார்கள். விண்டோஸில் ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். ஆகவே இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. காம்0காம் மாதிரியான நிரலைக் கொண்டு, ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு மெய்நிகர் போர்ட்டுகளை உருவாக்குங்கள். ஒன்றில் சிமுலேட்டர் எழுதும், மற்றதில் மென்பொருள் படிக்கும். தனியாக ஒரு போனிலோ டேப்லெட்டிலோ ஓட்டுவதானால் புளூடூத் வழியாக இணைக்கலாம். எக்ஸ்சிசோரைத் திறந்ததும் பறக்கப்போகிறீர்களா, சிமுலேட்டரா என்று அது கேட்கும். நாம் சிமுலேட்டரில்தானே இருக்கிறோம் என்று இரண்டாவதை அழுத்திவிடாதீர்கள். அது எக்ஸ்சிசோருக்குள்ளேயே இருக்கும் ஒத்திகை முறை. வெளியிலிருந்து வரும் தரவை அப்போது அது கண்டுகொள்ளாது. பறப்பதையே தேர்ந்தெடுங்கள், கருவிகளின் பட்டியலில் கண்டோருக்கென்று இருக்கும் டிரைவரையும் தேர்ந்தெடுங்கள். பாதையில் தொட்டுத் திரும்ப வேண்டிய இடங்களான திருப்புமுனைகளின் கோப்பை, நீங்கள் பறக்கும் நிலக்காட்சியோடு வருவதிலிருந்தே எடுத்துக்கொள்வது நல்லது.

இப்போது சோதனைக்கு வருவோம். காற்றிலிருந்து தொடங்கலாம்.

தெர்மல் என்ற, மேலெழும் சூடான காற்றில் கிளைடர் வட்டமிடும்போது, காற்று வீசும் பக்கமாகப் போகையில் தரைவேகம் கூடும், காற்றை எதிர்த்துத் திரும்பும்போது குறையும். ஒரு வட்டத்தில் அதிகபட்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர், குறைந்தபட்சம் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 40, அதில் பாதி 20. அதுதான் காற்றின் வேகம். வேகம் கூடிய பக்கத்தைப் பார்த்தால் திசையும் தெரிந்துவிடும். மென்பொருள் காற்றைக் கணிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. நிஜ வானத்தில் இந்தக் கணக்கு சரியா என்று சொல்ல ஆளில்லை. சிமுலேட்டரிலோ வடக்கிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் என்று காற்றை வைத்ததே நாம்தான், விடை கையில் இருக்கிறது. ஒரு முன்னேற்பாடு மட்டும் வேண்டும். வெளியிலிருந்து வரும் காற்றுத் தகவலைப் பயன்படுத்தும் அமைப்பை மென்பொருளில் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் சிமுலேட்டர் அனுப்பும் விடையையே அது பார்த்து எழுதிவிடும்.

அதன்பின் வட்டமிடுங்கள். முதல் வட்டத்தில் மென்பொருள் என்ன சொல்கிறது, மூன்றாவதில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வேண்டுமென்றே சாய்வையும் வேகத்தையும் கூட்டிக் குறைத்து அலங்கோலமாக ஒரு வட்டம் போடுங்கள், காற்றின் அம்பு எப்படித் தடுமாறுகிறது என்று கவனியுங்கள். மென்பொருளின் கணக்கு நம் கையின் நிதானத்தைப் பொறுத்தது என்பதை இந்தப் பயிற்சி புரியவைக்கும் அளவுக்கு எந்த விளக்கமும் புரியவைக்காது.

அந்தக் காற்றுக் கணக்கில் சின்னப் பிசகு வந்தால் என்ன ஆகும்? தரையிறங்கும் இடத்துக்கு மேலே 1000 மீட்டர் உயரம் இருக்கிறது. 200 மீட்டரைப் பாதுகாப்புக்காக ஒதுக்கினால் மிச்சம் 800. கிளைடரின் சறுக்கு விகிதம் 40, அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னேறும் என்றால், காற்றில்லாத நேரத்தில் 32 கிலோமீட்டர் போகலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகையில் 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால், அதே உயரத்தில் 25.6 கிலோமீட்டர்தான். கிட்டத்தட்ட ஆறரை கிலோமீட்டர் போய்விட்டது. அரை மணி நேரத்துக்கு முன் வட்டமிட்டபோது கிடைத்த காற்றை மென்பொருள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது, நீங்களோ மலைக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள் என்றால், போய்ச் சேரும்போது மிச்சமிருக்கும் என்று திரை காட்டும் வருகை உயரம் வெறும் எண்தான்.

போலார் என்ற வளைவு சங்கதியும் அப்படித்தான். எந்த வேகத்தில் கிளைடர் எவ்வளவு இறங்கும் என்பதை அது சொல்கிறது. சிமுலேட்டரில் நீங்கள் எந்த கிளைடரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நான் சொன்ன மூன்று வரிகளும் சொல்லாது. வேகமாகப் பறப்பதற்காக எடை கூட்ட இறக்கைகளில் எத்தனை லிட்டர் தண்ணீர் நிரப்பியிருக்கிறது என்றும் சொல்லாது. இரண்டையும் நாம்தான் மென்பொருளில் குறிக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிப் பறந்துகொண்டு மென்பொருளில் காலி என்று விட்டுவைத்தால், பறக்க வேண்டியதைவிடக் குறைந்த வேகத்தையே அது பரிந்துரைக்கும். வழியில் தண்ணீரைத் திறந்துவிட்டால், அதையும் உடனே மாற்ற வேண்டும்.

மெக்கிரெடி எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால் மெக்கிரெடி 1956இல் பிரான்சின் சான் யான் என்ற ஊரில் கிளைடர் உலகப் பட்டம் வென்றவர். மனித சக்தியால் மட்டுமே இயங்கும் காசமர் கண்டோர் விமானத்தை 1977இல் பறக்கவைத்துப் பரிசு பெற்றவரும் அவர்தான். அடுத்த தெர்மலில் எவ்வளவு வேகமாக ஏறுவோம் என்று எதிர்பார்க்கிறோமோ, அதை வைத்து இடைப்பட்ட தூரத்தை எந்த வேகத்தில் கடக்க வேண்டும் என்று கணக்கிடும் வழியை அவர் தந்தார். எதிர்பார்க்கும் அந்த ஏறும் வேகமே மெக்கிரெடி எண். விநாடிக்கு 3 மீட்டர் என்று அதை வைத்தால் மென்பொருள் வேகமாகப் போகச் சொல்லும். போய்ச் சேரும்போது கையில் இருக்கும் உயரம் குறையும். ஆனால் அடுத்த தெர்மல் எப்படி இருக்கும் என்பதை எந்த மென்பொருளும் அறியாது, மேகத்தைப் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதே பாதை, அதே வானிலை அமைப்பில் ஒரு முறை 1, ஒரு முறை 3 என்று வைத்துப் பறந்து நேரத்தை ஒப்பிடுங்கள். நிஜ வானத்தில் ஒரே நாளை இரண்டு முறை பறக்க முடியாது.

போட்டிகளில் வெளி மென்பொருளைப் பயன்படுத்துவது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நடத்துபவரின் விதி அனுமதித்தால் நியாயம்தான் என்பது என் உறுதியான எண்ணம். உலகப் போட்டிகளிலும் விமானிகள் இத்தகைய கணினிகளோடுதான் பறக்கிறார்கள். நிஜ கிளைடரில் எந்தக் கருவிக்கும் தெரியவராத தகவலைச் சிமுலேட்டரிலிருந்து உருவி எடுப்பது வேறு சங்கதி. அதை நான் ஏற்கமாட்டேன்.

ஓர் எச்சரிக்கை. மென்பொருளின் சாளரத்தை விமானி அறையின் கண்ணாடிமேல் பெரிதாகப் போட்டுவிடாதீர்கள். ஒரே தெர்மலில் பல கிளைடர்கள் சுற்றும்போது பார்க்க வேண்டிய இடம் வெளியேதான். சின்னத் திரை ஒன்றைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். வருகை உயரம், காற்று, அடுத்த முனைக்கான தூரம் ஆகிய மூன்று கட்டங்கள் போதும்.

அடுத்த முறை வீடு திரும்பும் கடைசிச் சறுக்கலில் அந்தத் திரையையும் மூடிவிட்டு, எத்தனை மீட்டர் உயரத்தில் போய்ச் சேர்வீர்கள் என்று மனக்கணக்காகப் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு திரையைத் திறந்து அது சொல்லும் எண்ணையும் பக்கத்தில் குறியுங்கள். தரையிறங்கும் இடத்துக்கு மேலே வந்ததும் உயரமானியைப் பாருங்கள். மூன்று எண்களும் எங்கே பிரிகின்றன என்று பார்த்தால், காற்றைத் திருத்துவதா, போலாரைத் திருத்துவதா, நம் மனக்கணக்கைத் திருத்துவதா என்று தெரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.